வெள்ளிமலையை நகர்த்தும் 16 எண்கள்

கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தை போன் வரைபடத்தில் தேடிப் பிடித்து, அங்கிருந்து படத்தை வலப்பக்கமாகச் சற்றுக் கீழே இழுத்துப் பாருங்கள். வடமேற்கே கச்சிராயபாளையம் வரும். கோமுகி அணையின் நீலம் தெரியும். பிறகு சாலை வளைந்து வளைந்து ஏறத் தொடங்கும், கல்வராயன் மலை திரையை நிரப்பும், வெள்ளிமலை என்ற பெயர் வந்து நிற்கும். பேருந்தில் மூச்சு வாங்க ஏறும் மலைப்பாதையை விரல் இரண்டு நொடியில் கடந்துவிடுகிறது. அந்த இரண்டு நொடிக்குள் போன் முழுப் படத்தையும் 120 முறை அழித்து, 120 முறை புதிதாக வரைந்திருக்கிறது.

மலை நகர்வதாகத்தான் கண்ணுக்குத் தெரிகிறது. உண்மையில் திரையில் எதுவும் நகர்வதில்லை. நொடிக்கு 60 அசையாப் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. ஒவ்வொன்றிலும் மலை முந்தைய இடத்திலிருந்து சில புள்ளிகள் தள்ளி வரையப்படுகிறது, அவ்வளவுதான். ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லி நொடி. கண் ஒருமுறை இமைத்துத் திறப்பதற்குள் ஆறு படங்களாவது ஓடிவிடும். 1080க்கு 2400 என்ற அளவுள்ள திரையில் ஏறக்குறைய 26 லட்சம் புள்ளிகள் உண்டு. ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு நிறம் முடிவாக வேண்டும், அதுவும் நொடிக்கு 60 தடவை. கணக்குப் போட்டால் நொடிக்கு 15 கோடிக்கு மேற்பட்ட முடிவுகள். திரை 120 ஹெர்ட்ஸ் என்றால் நேரம் பாதியாகக் குறையும், வேலை இரட்டிப்பாகும்.

ஒரே ஒரு படம் தாமதமானாலும் கண் கண்டுபிடித்துவிடும். வரைபடம் திக்கித் திணறும். ‘ஹேங் ஆகுது’ என்று போனைத் திட்டுவோம். போன்மேல் குற்றம் இருப்பது அரிது. மலிவான போனுக்குள் இருக்கும் கிராபிக்ஸ் சிப்பும் நொடிக்கு ஆயிரம் கோடிக்கு மேல் கணக்குப் போடக்கூடியது. அதனிடம் வேலையைக் கேட்ட விதத்தில்தான் பெரும்பாலும் கோளாறு இருக்கும். கேட்கும் விதத்தை வகுப்பதே ஒரு தனிக் கலை. வரைகலை இடைமுகம் என்று பெயர். இணையப் பக்கம் தனக்கு வேண்டிய படத்தை பிரவுசரிடம் எந்தச் சொற்களில், எந்த வரிசையில், எத்தனை தடவை கேட்கலாம் என்ற ஒப்பந்தம் அது. நாம் தினமும் அதன் பயனை அனுபவிக்கிறோம். அதைப் பற்றித் தமிழில் பேசுவோர் குறைவு.

பிரவுசர் படம் வரையப் பிறந்ததல்ல. ஜெனீவாவுக்கு அருகே செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1989இல் முன்மொழிந்த வையவிரிவலை, ஆராய்ச்சி விவரங்களைப் பகிர்ந்துகொள்ள வந்தது. தலைப்பு, பத்தி, இணைப்பு. படம் பிறகு சேர்ந்தது. ஆரம்ப கால இணைய வரைபடங்களில் மேற்கே நகர வேண்டுமானால் அம்புக்குறியை அழுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். பக்கம் முழுவதும் வெள்ளையாகி, மறுபடி வரும்.

2005 பிப்ரவரியில் கூகுள் மேப்ஸ் வந்தது. சிட்னியில் லார்ஸ், யென்ஸ் ராஸ்முசன் சகோதரர்களும் நண்பர்களும் தொடங்கிய சிறு நிறுவனத்தை கூகுள் முந்தைய ஆண்டு வாங்கியிருந்தது. அவர்கள் செய்த தந்திரம் எளிமையானது. உலகம் முழுவதையும் 256க்கு 256 புள்ளி கொண்ட ஒரு சதுரப் படத்தில் அடக்கு. அதை நான்காகப் பிரித்து, ஒவ்வொன்றையும் அதே அளவில் பெரிதாக வரை. அதையும் நான்காகப் பிரி. பத்தாவது படிக்கு வரும்போது உலகம் 10,48,576 சதுரங்களாகியிருக்கும். மேற்கிலிருந்தும் வடக்கிலிருந்தும் சுழியத்தில் தொடங்கி எண்ணினால், கள்ளக்குறிச்சி நகரம் 736ஆம் நெடுவரிசையில், 478ஆம் குறுக்குவரிசையில் விழுகிறது. அந்தச் சதுரத்தின் ஒரு பக்கம் நம் ஊர்ப் பக்கத்தில் சுமார் 38 கிலோமீட்டர். பதினாறாவது படியில் ஒரு பக்கம் 600 மீட்டராகக் குறையும், சதுரங்களோ 429 கோடியாகப் பெருகும். எல்லாம் சர்வரில் முன்கூட்டியே வரைந்து வைக்கப்பட்ட படங்கள். விரல் நகர்ந்தால், கையில் இருப்பதை நகர்த்திவிட்டு, ஓரத்தில் வேண்டிய சில சதுரங்களை மட்டும் பிரவுசர் கேட்டு வாங்கும். பக்கம் வெள்ளையாகவே ஆகாது.

இந்த முறை இன்றும் வாழ்கிறது. ஆனால் வரைந்து முடித்த படத்தைத் திருப்ப முடியாது. திருப்பினால் எழுத்தும் தலைகீழாகும். ஆங்கிலப் பெயரை எடுத்துவிட்டுத் தமிழில் காட்டு என்றால் எல்லாச் சதுரங்களையும் மறுபடி வரைய வேண்டும். ஒன்பதாவது படிக்கும் பத்தாவது படிக்கும் நடுவில் நின்றால் படம் மங்கும். சிக்னல் ஒரு கோடு வந்து மறையும் மலைக் கிராமத்தில் ஒவ்வொரு சதுரத்தையும் படமாக இறக்குவது பெரும்பாடு. எனவே அடுத்த கேள்வி எழுந்தது: படத்தை அனுப்பாமல் படத்துக்கான விவரத்தை மட்டும் அனுப்பி, போனிலேயே பிரவுசரை வரையச் சொன்னால் என்ன?

விவரத்தின் அளவு வியக்கத்தக்க வகையில் சிறியது. சதுரத்தை 4096க்கு 4096 கட்டங்களாகப் பிரித்து, சாலையின் ஒவ்வொரு திருப்பத்தையும் ‘முந்தைய புள்ளியிலிருந்து இத்தனை கட்டம் வலது, இத்தனை கட்டம் கீழ்’ என்று சிறு முழு எண்களாக எழுதுகிறார்கள். பதினான்காவது படியில் ஒரு கட்டம் கள்ளக்குறிச்சியில் 60 சென்டிமீட்டருக்கும் குறைவு. வீட்டு வாசலையும் தெருவையும் பிரித்துக் காட்ட இது போதும். தொலைவிலிருந்து பார்க்கும்போது இவ்வளவு நுணுக்கம் வேண்டியதில்லை. மலைச்சாலையின் எந்தத் திருப்பங்களை நீக்கினால் வடிவம் கெடாது என்று கண்டுபிடிக்கும் வழியை 1972இல் ராமரும் 1973இல் டக்ளஸும் பாய்க்கரும் தனித்தனியே எழுதி வைத்தார்கள். அதே வழிமுறை இன்றும் நம் போனுக்கு வரும் வரைபடத்தைச் செதுக்குகிறது.

இனி வரைய வேண்டும். பிரவுசருக்குள் வரைய நான்கு வழிகள் இருக்கின்றன.

முதலாவது எஸ்விஜி. 2001இல் தரப்படுத்தப்பட்டது. ‘இங்கே ஒரு கோடு, அங்கே ஒரு வட்டம்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டால் பிரவுசர் அவற்றை நினைவில் வைத்துக்கொள்ளும். வட்டத்தைத் தொட்டால் எந்த வட்டம் என்று அதுவே சொல்லும். நிறம் மாற்றச் சொன்னால் அதுவே திரும்ப வரையும். சில நூறு உருவங்கள் வரை இதைவிட இனிமையான வழி இல்லை. மாவட்ட எல்லைகளைக் காட்டும் தேர்தல் வரைபடத்துக்கு இதுவே போதும். பல்லாயிரம் உருவங்கள் வந்தால் நினைவில் வைத்துக்கொள்வதே பாரமாகிவிடும். ஒவ்வொரு கோட்டையும் பிரவுசர் ஒரு பத்தியைப் போல, ஒரு பொத்தானைப் போல மதித்துக் கணக்கு வைக்கிறது.

இரண்டாவது கேன்வாஸ். ஆப்பிள் நிறுவனம் 2004இல் தன் மேக் கணினியின் சிறு செயலிகளுக்காகக் கொண்டுவந்தது. பிறகு எல்லா பிரவுசர்களும் ஏற்றுக்கொண்டன. இது எதையும் நினைவில் வைக்காது. கோடு போடு என்றால் போடும், போட்டதும் மறந்துவிடும். திரையில் மிஞ்சுவது நிறப்புள்ளிகள் மட்டும். தொட்ட இடத்தில் எந்த ஊர் இருக்கிறது என்பதை நாம்தான் தனியே குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பானுக்கும் அந்தப் படத்துக்குள் எதுவும் தெரியாது. அவர்களுக்கான விவரத்தைப் பக்கத்தில் வேறாக எழுதியாக வேண்டும். இதைச் செய்யாமல் விடும் அரசுத் தளங்களும் தனியார் தளங்களும் ஏராளம், இது மன்னிக்கக் கூடாத அலட்சியம். மறதிக்குக் கிடைக்கும் பரிசு வேகம்.

மூன்றாவது வெப்ஜிஎல். மொசில்லாவில் விளாடிமிர் வுகிசெவிச் 2006இல் செய்து காட்டிய சோதனையிலிருந்து வளர்ந்து 2011 மார்ச்சில் வெளிவந்தது. இதுதான் இணையப் பக்கத்தை முதன்முறையாக கிராபிக்ஸ் சிப்பின் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. சிப்புக்கு ஊர் தெரியாது, சாலை தெரியாது, வட்டம்கூடத் தெரியாது. அதற்குத் தெரிந்தவை புள்ளி, கோடு, முக்கோணம். அதிலும் முக்கோணத்தில்தான் அதன் கைவண்ணம். கோமுகி அணையின் நீர்ப்பரப்பை வரைய வேண்டுமானால் அந்தக் கோணல்மாணலான உருவத்தை முதலில் முக்கோணங்களாக அறுத்துக் கொடுக்க வேண்டும். நல்ல வரைபட நிரல்கள் இந்த அறுப்பு வேலையைப் பின்னணியில் தனி இழையில் (த்ரெட்) வைத்துக்கொள்கின்றன. விரல் அசைவைக் கவனிக்கும் முதன்மை இழையைத் தொந்தரவு செய்வதில்லை.

சிப்புக்கும் பக்கத்துக்கும் நடுவே பிரவுசர் காவலுக்கு நிற்கிறது. நிற்க வேண்டிய காரணம் உண்டு. ஊர் பேர் தெரியாத எந்தத் தளத்தையும் நாம் திறக்கிறோம். அது சிப்பின் நினைவகத்தில் கைவிட்டு இன்னொரு பக்கத்தின் படத்தைப் படித்துவிட்டால்? 2011இல் பாதுகாப்பு ஆய்வாளர்கள் வெப்ஜிஎல் வழியாக வேறு தளத்தின் படங்களைத் திருட முடியும் என்று காட்டினார்கள். மைக்ரோசாஃப்ட் அப்போது இந்தத் தொழில்நுட்பத்தையே ஏற்க மறுத்தது. 2013இல் தன் பிரவுசரில் சேர்த்துக்கொண்டது. அந்தப் பயத்தின் விளைவாக ஒவ்வொரு கட்டளையும் சோதிக்கப்படுகிறது. சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை முன்னின்று நடத்தி 2008இல் வெளிவந்த குரோமில், இணையப் பக்கம் ஓடும் பகுதி சிப்பிடம் நேரடியாகப் பேசவே முடியாது. கட்டளைகளை ஒரு வரிசையில் எழுதி வைக்கும். சிப்போடு பேச உரிமை பெற்ற வேறொரு பகுதி அவற்றை எடுத்துச் சரிபார்த்து அனுப்பும். பாதுகாப்புக்கு நாம் கொடுக்கும் விலை இது. ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு சிறு கட்டணம் உண்டு. முக்கோணம் மலிவு, கட்டளைதான் விலை கூடியது.

ஓட்டலில் உட்கார்ந்து பரிமாறுபவரை அழைத்து ஒரு இட்லி என்று கேட்டு, அவர் சமையலறைக்குப் போய்க் கொண்டுவந்ததும் இன்னொரு இட்லி, அது வந்ததும் சட்னி என்று கேட்டால் என்ன ஆகும்? அடுப்பில் எத்தனை இட்லி வெந்திருந்தாலும் பயன் இல்லை. நேரமெல்லாம் நடையில் போகும். கத்துக்குட்டி நிரல் இப்படித்தான் வரைகிறது. கள்ளக்குறிச்சியின் 400 தெருக்களுக்கும் 400 தடவை நிறத்தைச் சொல்லி, 400 தடவை வரையச் சொல்லும். தேர்ந்த நிரல் ஒரே நிறமுள்ள தெருக்களையெல்லாம் ஒரே கட்டாகக் கட்டி ஒரே கட்டளையில் முடித்துவிடும். திரையில் இரண்டும் ஒரே படம். முதலாவது திக்கும், இரண்டாவது வழுக்கிக்கொண்டு போகும்.

இதற்கு அடுத்த படிதான் என்னை ஒவ்வொரு முறையும் வியக்க வைக்கிறது. மலையின் புள்ளிகளை முதல் தடவை சிப்பின் நினைவகத்துக்கு அனுப்பியபின், அவற்றை மறுபடி அனுப்பவே வேண்டாம். அவை அங்கேயே கிடக்கும். விரல் நகரும்போது பக்கம் அனுப்புவது நான்குக்கு நான்கு கட்டமான ஓர் அணி, 16 எண்கள். ‘ஒவ்வொரு புள்ளியையும் இந்த 16 எண்களோடு பெருக்கிக் கூட்டி, வரும் விடையில் வை’ என்பது மட்டுமே கட்டளை. பள்ளியில் பிளஸ் ஒன் கணக்கில் படிக்கும் அதே அணிப்பெருக்கல். நகர்த்தல், பெரிதாக்கல், திருப்புதல், மலையைச் சாய்த்துப் பார்த்தல் அத்தனையும் அந்த 16 எண்களுக்குள் அடங்கும். ஒரு லட்சம் புள்ளிகள் என்றால் 16 லட்சம் பெருக்கல்கள். சிப் அவற்றைப் பல கைகளால் ஒரே சமயத்தில் செய்து முடிக்கும், 16.7 மில்லி நொடியில் பெரும்பகுதி மிச்சமிருக்கும். கல்வராயன் மலை முழுவதையும் நகர்த்த 64 பைட் போதும். இந்தப் பத்தியின் ஒரு வரியைத் தமிழில் சேமித்து வைக்க அதைவிட அதிகம் வேண்டும்.

வேகத்தைக் கெடுக்கும் இன்னொரு பழக்கம், வரைந்ததைத் திரும்பக் கேட்பது. பக்கம் கட்டளைகளை எழுதிக்கொண்டே போகும், சிப் அவற்றைச் சற்றுப் பின்தங்கி நிறைவேற்றிக்கொண்டு வரும். இருவரும் ஒருவருக்காக ஒருவர் நிற்பதில்லை என்பதால்தான் வேகம். நடுவில் பக்கம் ‘இந்த இடத்தில் இப்போது என்ன நிறம் இருக்கிறது?’ என்று கேட்டால், அதுவரை வரிசையில் இருக்கும் எல்லாவற்றையும் சிப் முடித்து, விடையை அனுப்பும் வரை பக்கம் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். ‘ஏதாவது பிழை வந்ததா?’ என்று கேட்பதும் அதே வகை. நிரல் எழுதும்போது சோதனைக்காகச் சேர்த்த அந்தக் கேள்வியை வெளியிடும்போது நீக்க மறந்துவிட்டால் போதும், வரைபடம் தள்ளாடும். தொட்ட இடத்தில் எந்த ஊர் என்று அறிய சிப்பிடம் கேட்க வேண்டியதே இல்லை. ஊர்களின் இருப்பிடத்தைப் பெட்டிக்குள் பெட்டியாக அடுக்கித் தேடும் வழியை அன்டோனின் கட்மன் 1984இலேயே கொடுத்துவிட்டார்.

நான்காவது வழியான வெப்ஜிபியு இந்தப் பாடங்களையெல்லாம் ஒப்பந்தத்துக்குள்ளேயே எழுதிக்கொண்டு வந்தது. ஆப்பிள், கூகுள், மொசில்லா, மைக்ரோசாஃப்ட் நிறுவனங்களின் பொறியாளர்கள் 2017இல் தொடங்கிய பேச்சு, 2023 மே மாதம் குரோமின் 113ஆம் பதிப்பில் முதன்முதலாகப் பொதுமக்கள் கைக்கு வந்தது. எந்த வகையான வரைதல், என்ன நிறக்கலப்பு, எந்த வடிவில் புள்ளிகள் என்பதையெல்லாம் முன்கூட்டியே ஒரே கட்டாகச் சொல்லிவிட வேண்டும். பிரவுசர் அப்போதே சரிபார்த்து முத்திரை குத்திவிடும். பிறகு ஒவ்வொரு படத்திலும் ‘அந்தக் கட்டைப் போடு’ என்றால் போதும். கட்டளை வரிசையை ஒருமுறை பதிந்துவைத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். பிழைச் செய்திகள் வேலையை நிறுத்தாமல் தாமதமாக வந்து சேரும். நல்ல இடைமுகத்தின் இலக்கணம் இங்கே தெரிகிறது. சோம்பேறித்தனமாக எழுதினாலும் வேகமாக ஓடும்படி, தவறான வழியில் போவது கடினமாக இருக்கும்படி அது வகுக்கப்பட்டிருக்க வேண்டும்.

இத்தனை சாமர்த்தியத்துக்கும் ஒரு பலி இருந்தது. அது நம் எழுத்து.

சிப்புக்குப் புள்ளி, கோடு, முக்கோணம் மட்டுமே தெரியும் என்றேன். அப்படியானால் ‘வெள்ளிமலை’ என்று எழுதுவது எப்படி? கேன்வாஸில் இது கவலையே இல்லை. ‘இந்தச் சொல்லை எழுது’ என்றால் பிரவுசர் தன் எழுத்து வடிவமைப்பு நிரலிடம் கொடுக்கும். குரோமிலும் ஃபயர்பாக்ஸிலும் அதன் பெயர் ஹார்ஃப்பஸ். அதற்குத் தமிழ் தெரியும். வெப்ஜிஎல்லில் அந்த வசதியே கிடையாது. அதனால் 2014இல் வந்த மேப்பாக்ஸ் ஜிஎல் போன்ற நிரல்கள் வேறு வழி கண்டன. வால்வ் என்ற விளையாட்டு நிறுவனத்தின் கிறிஸ் கிரீன் 2007இல் விளக்கிய உத்தி அது. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு குட்டிப் படம் செய்வார்கள். அதில் நிறத்துக்குப் பதிலாக, அந்தப் புள்ளி எழுத்தின் ஓரத்திலிருந்து எவ்வளவு தொலைவு என்ற எண் இருக்கும். அதைச் சிறிதாக்கலாம், பெரிதாக்கலாம், சாய்க்கலாம். ஓரம் கூர்மையாகவே நிற்கும். இரண்டு முக்கோணம் சேர்த்தால் ஒரு செவ்வகம், அதன்மேல் இந்தப் படத்தை ஒட்டினால் ஓர் எழுத்து. ஆங்கிலத்துக்கு இதைவிட அருமையான முறை கிடையாது.

ஆனால் குட்டிப் படங்களை ஒரு யூனிகோடு எண்ணுக்கு ஒன்று என்று செய்தார்கள். தமிழில் யூனிகோடு எண் வேறு, எழுத்து வேறு. ‘வெள்ளிமலை’ நமக்கு ஐந்து எழுத்து. கணினியின் சேமிப்பில் ஒன்பது எண்கள்: வகரம், அதன்பின் எகரக் குறி, ளகரம், புள்ளி, மறுபடி ளகரம், இகரக் குறி, மகரம், லகரம், கடைசியில் ஐகாரக் குறி. சேமிப்பில் எகர, ஐகாரக் குறிகள் மெய்க்குப் பின்னால் வரும், திரையில் மெய்க்கு முன்னால் நிற்க வேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்ய ஆள் இல்லாததால் அந்த வரைபடங்களில் பல ஆண்டுகள் கொம்பு வகரத்தைத் தாண்டி ளகரத்தின் தலையில் போய் உட்கார்ந்தது. ஐகாரக் குறி சொல்லின் கடைசியில் அனாதையாய் நின்றது. ‘கோமுகி’ அணையின் ஓகாரம் இரண்டாகப் பிரிந்து இரு பக்கமும் நிற்க வேண்டியது, ஒரே பக்கத்தில் குவிந்தது. ‘கருணாபுரம்’ ஆறு எழுத்து, பத்து எண்கள். ரகரத்தோடும் பகரத்தோடும் ஒட்டி உருமாற வேண்டிய உகரக் குறிகள் ஒட்டாமல் தனித்துக் கிடந்தன. சர்வரில் வரைந்து அனுப்பிய பழைய சதுரப் படங்களில் இதே பெயர்கள் ஒழுங்காக இருந்தன. புதுமை வந்தபோது வேகம் கூடியது, எழுத்து உடைந்தது.

அரபு மொழிக்காரர்களுக்கு ஒரு துணை நிரல் செய்து கொடுத்தார்கள். அரபு எழுத்துகளின் ஒட்டிய வடிவங்களுக்கு யூனிகோடில் தனி எண்கள் இருப்பதால் அது இயன்றது. தமிழ் உயிர்மெய்க்கு அப்படித் தனி எண் இல்லை. சீன, ஜப்பானிய எழுத்துகளுக்கு வேறொரு வழி கிடைத்தது. ஆயிரக்கணக்கான எழுத்துகளின் படங்களை சர்வரிலிருந்து இறக்குவது கட்டுப்படியாகாது என்பதால், போனிலேயே கேன்வாஸில் எழுத்தை எழுதி, அந்தப் படத்தை சிப்புக்குக் கொடுத்தார்கள். இந்த வழியைத் தமிழுக்குத் திருப்பினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. மொத்தம் 247. ஒன்றாம் வகுப்பிலிருந்து நாம் சுவரில் பார்த்து வளர்ந்த அட்டவணை. தமிழில் ஓர் எழுத்து பக்கத்து எழுத்தோடு ஒட்டி உருமாறுவது அநேகமாகக் கிடையாது. க்ஷ, ஸ்ரீ இரண்டையும் தனியே கவனித்துக்கொண்டால் போதும். அதனால் ஒவ்வொரு எழுத்தையும் ஒருமுறை கேன்வாஸில் எழுதிப் படம் பிடித்துவிட்டால், அதன்பின் எந்த ஊர்ப் பெயரையும் அந்தப் படங்களை அடுத்தடுத்து வைத்தே எழுதிவிடலாம். எழுத்துக்கு 64க்கு 64 புள்ளி ஒதுக்கினால், 1024க்கு 1024 அளவுள்ள ஒரு சட்டத்தில் 256 அறைகள் கிடைக்கும். 247 எழுத்தும் அடங்கி ஒன்பது அறை மிஞ்சும். புள்ளிக்கு ஒரு பைட் என்றால் மொத்தம் ஒரு எம்பி. ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ வரிசைகளுக்கு இன்னொரு சட்டத்தில் கால்பங்குக்குச் சற்றே கூடுதல் இடம். ஔகார எழுத்துகள் அகலம் என்பதால் அவற்றுக்குச் சிறிது தாராளம் காட்ட வேண்டும், கணக்கு பெரிதாக மாறாது. திரையில் 100 ஊர்ப் பெயர்கள், பெயருக்கு எட்டு எழுத்து என்று வைத்துக்கொண்டாலும் 1,600 முக்கோணங்கள். ஒரே கட்டளையில் வரைந்துவிடலாம்.

கிராபிக்ஸ் சிப்புக்கு இவ்வளவு தோதான எழுத்துமுறை நம்முடையது. தமிழ் சிக்கலான எழுத்து, வேகம் வேண்டுமானால் ஒதுக்கிவைக்க வேண்டியதுதான் என்று சொல்பவர்களின் வாதத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. சொல்லை எழுத்துகளாகப் பிரித்துத் தரும் வசதிகூட 2024க்குள் குரோம், சஃபாரி, ஃபயர்பாக்ஸ் மூன்றிலும் வந்துவிட்டது. இடைமுகத்தை வகுத்த அறையில் ‘கோ’ எழுதத் தெரிந்த ஒருவர் இல்லாமல் போனதுதான் குறை.

பெயர் சரியாக எழுதப்பட்டாலும், அது திரையில் இடம்பெறுமா என்பது வேறு கேள்வி. இரு பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் நிரல் ஒன்றை மறைக்கும். பெரிய ஊர் வெல்லும், சிறியது தோற்கும். 2024 ஜூனில் நஞ்சாகிப்போன கள்ளச்சாராயம் 60க்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்த பிறகே கருணாபுரம் என்ற பெயர் தமிழகம் முழுவதும் தெரிந்தது. அதுவரை தொலைவிலிருந்து பார்ப்பவர் திரையில் கள்ளக்குறிச்சி என்ற பெயருக்கு அடியில் மறைந்துபோகும் பகுதிகளில் அதுவும் ஒன்று. மலைமேல் மலையாளி பழங்குடி மக்களின் சிற்றூர்கள் இன்னும் பின்வரிசையில் நிற்கின்றன. எந்தப் பெயருக்கு முன்னுரிமை என்பது நிரலில் ஒரு வரி. அந்த வரியை எழுதுபவருக்கு அது ஒரு எண், ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்கு அது வழி. பெரிதாக்காமலேயே குக்கிராமத்தின் பெயர் தெரியும்படி நிரலுக்கு அறிவுரை சொல்ல முடியும். அதற்கு ஊரைத் தெரிந்தவர் வேண்டும்.

இந்த வேலைக்குக் கதவு திறந்தே இருக்கிறது. மேப்பாக்ஸ் 2020 டிசம்பரில் தன் நிரலின் உரிமத்தை இறுக்கியபோது, பழைய பதிப்பிலிருந்து மேப்லிப்ரே என்ற திறந்த நிரல் கிளைத்தது. யாரும் படிக்கலாம், யாரும் திருத்தம் அனுப்பலாம். 2004 முதல் தன்னார்வலர்களால் வளரும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஊர்ப் பெயரைத் தமிழில் சேர்க்க ஒரு கணக்குத் தொடங்கினால் போதும். பொறியியல் கல்லூரிகளில் இறுதியாண்டுத் திட்டத்துக்குத் தலைப்பு தேடும் மாணவர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களிடம் என் வேண்டுகோள்: ஒரு வரைபட நிரலை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளிமலை, கோமுகி, கருணாபுரம், சேராப்பட்டு, கச்சிராயபாளையம் என்ற ஐந்து பெயர்களையும் அதில் எழுதிப் பாருங்கள், 4,000 புள்ளிகளோடும் பாருங்கள், நான்கு லட்சம் புள்ளிகளோடும் பாருங்கள். எழுத்து உடைந்தால் படம் பிடித்து அந்த நிரலை எழுதுவோருக்கு அனுப்புங்கள், முடிந்தால் திருத்தத்தையும் சேர்த்து அனுப்புங்கள். உங்கள் ஊரின் மலிவான போனில் சோதித்துவிட்டு அனுப்புங்கள்.